பப்புவா நியூகினி – சாலமன் தீவுகள் ஐக்கிய சபை: செப்டம்பர் 27-க்கு வரலாற்றுப் படம் தயாரிக்கிறோம், திருத்தித் தாருங்கள்

மண்டபம் வாலிபர் சங்கம் (கேள்வி)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். வருகிற செப்டம்பர் 27, தென்னிந்தியத் திருச்சபை உருவான நாளுக்கு எங்கள் சேகரத்தில் ஒரு துணிப் படம் மாட்டுகிறோம். 8 அடி அகலம், 4 அடி உயரம். நம்மைப் போலவே பல மிஷன்கள் சேர்ந்து ஒன்றான வேறொரு சபையை வாலிபர்களுக்குக் காட்டவேண்டும், அதுவும் கடலை நம்பிப் பிழைக்கிற ஜனங்களின் சபையாக இருக்கவேண்டும் என்று இந்தத் தீவுச் சபையை எடுத்தோம். படத்தின் முன்னால் நின்று 20 நிமிடம் பேசவும் வேண்டும்.

இதுவரை எழுதி வைத்திருக்கும் வரிகள்:

1871 – பிஷப் பேட்டசன் இரத்தசாட்சியாக மரித்தார். ஊழியம் தொடங்கியது.
1874 – லாஸ் ஐயர் போர்ட் மோர்ஸ்பிக்கு வந்து பப்புவாவில் முதல் சபையை நிறுவினார்.
1875 – ஜார்ஜ் பிரௌன் ஐயர் நியூ பிரிட்டனில் இறங்கினார்.
1902 – சாலமன் தீவுகளில் மெதடிஸ்ட் ஊழியம்.
1968 – ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், எல்.எம்.எஸ். (லண்டன் மிஷனரி சங்கம்) மூன்றும் ஒன்றாயின.
1977 – ஆஸ்திரேலியாவும் சேர்ந்தது.

சில இடங்களில் 1968 என்றும் சில இடங்களில் 1996 என்றும் போட்டிருக்கிறது. எது சரி? இரண்டு தேசங்களுக்கு ஒரே சபை எப்படி வந்தது? அங்கேயும் பிஷப் இருக்கிறார் என்கிறார்கள், அப்படியானால் நம் பேராயர் மாதிரிதானா? வரிகளில் தப்பு இருந்தால் தாராளமாக அடித்துத் திருத்துங்கள். துணி அச்சுக்குப் போகுமுன் சரிசெய்துவிட வேண்டும்.

கீழக்கரைச் சங்கு

நல்ல பொருளாக எடுத்திருக்கிறீர்கள். ஆனால் ஆறு வரியில் ஐந்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. முதல் வரியிலிருந்தே வருகிறேன்.

பேட்டசன் ஆங்கிலிக்கன். 1871 செப்டம்பர் 20 அன்று நுகாப்பு தீவில் கொல்லப்பட்டார், அது உண்மை. அவர் வழி வந்தது மெலனீசிய ஆங்கிலிக்கன் சபை. அது இந்த ஒன்றிப்பில் சேரவே இல்லை, 1975 முதல் தனி மாகாணமாக இருக்கிறது. சாலமன் தீவுகள் என்றதும் பேட்டசனைப் போடுவது எல்லோருக்கும் வரும் தப்பு. அந்த வரியை எடுங்கள், 1968 வரியில் உள்ள "ஆங்கிலிக்கன்" என்ற சொல்லையும் எடுங்கள். லூத்தரன்களும் சேரவில்லை. இங்கே நமக்கும் தரங்கம்பாடி வழிவந்த லூத்தரன் சபை வெளியே நின்றதல்லவா, அதே கதை.

1977-ம் போகவேண்டும். அந்த வருடம் ஜூன் 22 அன்று ஆஸ்திரேலியாவில் காங்கிரிகேஷனல், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன் மூன்றும் சேர்ந்து உண்டானது வேறு சபை. தமிழில் எழுதும்போது இரண்டுமே "ஐக்கிய சபை" ஆகிவிடுவதால் வருகிற குழப்பம் இது. இரண்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு, நிர்வாகம் ஒன்றல்ல.

1968 ஜனவரியில் சேர்ந்தவை மூன்று. எல்.எம்.எஸ். ஊழியத்தில் வளர்ந்து 1962-ல் தன்னாட்சி பெற்ற பப்புவா எக்கலேசியா என்ற சபை ஒன்று. நியூகினித் தீவுகள், பப்புவாவின் கிழக்குத் தீவுகள், மலைநாடு, சாலமன் தீவுகள் ஆகிய இடங்களின் மெதடிஸ்ட் சபை இன்னொன்று. போர்ட் மோர்ஸ்பி நகரத்தில் ஏற்கெனவே கலந்து ஆராதித்துவந்த ஆங்கில மொழிச் சபை மூன்றாவது. எண்ணிக்கையில் இது சின்னது. ஆனால் படத்தில் விட்டுவிடாதீர்கள், விட்டால் "இரண்டு சேர்ந்தது" என்று தப்பாகப் பதிந்துவிடும்.

1996 என்பது பிரிந்த வருடம். பப்புவா நியூகினி ஐக்கிய சபை, சாலமன் தீவுகள் ஐக்கிய சபை என்று இரண்டு தன்னாட்சிச் சபைகள் ஆயின. ஆக 1968, 1996 இரண்டும் சரி, இரண்டையும் போடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். உங்கள் வரிகளில் "லாஸ் ஐயர் வந்தார், சபையை நிறுவினார்" என்று இருக்கிறது. அந்தச் சபையாரே அப்படிச் சொல்லமாட்டார்கள். 1871 ஜூலை 1 அன்று டோரஸ் நீரிணையில் எருப் என்ற தீவில் எல்.எம்.எஸ். கப்பல் இறங்கியது. டார்ன்லி என்றும் அந்தத் தீவுக்குப் பெயர். மக்ஃபார்லேன், மர்ரே என்ற இரண்டு மிஷனரிகள் அதில் இருந்தார்கள், ஆனால் அங்கே தங்கி ஊழியம் செய்யப் போனவர்கள் லாயல்டி தீவுகளிலிருந்து வந்த உபதேசிமார். ஏன் எருப்? அந்தக் கடலில் அப்போதே முத்துச்சிப்பிக்கும் கடல் அட்டைக்கும் படகுகள் போய்வந்துகொண்டிருந்தன. தண்ணீர், துறை, வழி தெரிந்த ஆட்கள் எல்லாம் அங்கே கிடைத்தன. மன்னார் வளைகுடாவில் கடல் அட்டையும் சிப்பியும் என்னவெல்லாம் செய்திருக்கின்றன என்று தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

1872-ல் குக் தீவுகளின் ராரொடொங்காவில் படித்த உபதேசிமார் பப்புவாக் கரையில் மனுமனு என்ற இடத்தில் இறங்கினார்கள். காய்ச்சலில் பலர் மாண்டார்கள். 1873-ல் போர்ட் மோர்ஸ்பிக்கு இடம் மாறினார்கள். லாஸ் ஐயர் குடும்பத்தோடு வந்தது அதற்குப் பின், 1874 நவம்பரில். மங்கையா தீவைச் சேர்ந்த ருவாடோகா என்ற உபதேசியார் அவருக்கு முன்னரே அங்கே இருந்தார், பல ஆண்டுகள் அங்கேயே ஊழியம் செய்தார். மோட்டு மொழி, ஊர்களுக்கிடையே உள்ள பகை, யாரிடம் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் லாஸுக்கும், 1877-ல் வந்த சால்மர்ஸ் என்ற மிஷனரிக்கும் இப்படிப்பட்டவர்கள் வழியாகவே கிடைத்தன. லாஸ் மொழிபெயர்த்த மோட்டுப் புதிய ஏற்பாடு 1891-ல் வெளிவந்ததற்குப் பின்னால் இவர்கள் நிற்கிறார்கள்.

மெதடிஸ்ட் மிஷனரி பிரௌன் விஷயமும் அப்படியே. 1875 ஆகஸ்ட் 15 அன்று இறங்கியது டியூக் ஆஃப் யார்க் தீவுகளில் உள்ள போர்ட் ஹண்டரில். நியூ பிரிட்டனுக்கும் நியூ அயர்லாந்துக்கும் நடுவே உள்ள சின்னத் தீவுக்கூட்டம் அது. கூட வந்தவர்கள் பிஜி, சமோவா உபதேசிமார். அந்த வருடம் பிஜியில் தட்டம்மை வந்து சுமார் 40,000 பேர் செத்திருந்தார்கள். வீட்டுக்கு வீடு சாவு விழுந்திருந்த நேரத்தில், போகிற இடம் இன்னதென்று தெரிந்தே அவர்கள் பெயர் கொடுத்தார்கள். உங்கள் 20 நிமிடத்தில் 5 நிமிடம் இதற்குக் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: எருப் தீவு இன்று ஆஸ்திரேலியாவுக்குள் இருக்கிறது. எல்.எம்.எஸ். அந்த நீரிணை ஊழியத்தை 1914–15-ல் ஆங்கிலிக்கன் சபையிடம் ஒப்படைத்துவிட்டது. அதனால் தொடக்கப் புள்ளியாக எருப்பைக் காட்டலாம், இன்றைய ஐக்கிய சபை வரைபடத்துக்குள் அதைச் சேர்த்துவிடக் கூடாது.

தொண்டிக் கரையார்

மேலே எழுதியவர் ஆட்களைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் எல்லையையும் பிஷப்பையும் சொல்கிறேன்.

1890-ல் போர்ட் மோர்ஸ்பியில் ஆங்கிலிக்கன், எல்.எம்.எஸ்., மெதடிஸ்ட் மூன்று தரப்பும் உட்கார்ந்து பேசி இடம் பிரித்துக்கொண்டார்கள். தென்கரை எல்.எம்.எஸ்.ஸுக்கு, தென்கிழக்குத் தீவுகள் மெதடிஸ்டுக்கு, வடகிழக்குக் கரை ஆங்கிலிக்கனுக்கு. கரைவலைக்குப் பாடு பிரித்துக்கொள்வது மாதிரி. ஒருவர் பாட்டில் இன்னொருவர் வலை போடுவதில்லை. அதன்படி 1891-ல் மெதடிஸ்ட் மிஷனரி புரோமிலோ டோபு தீவுக்குப் போனார்.

இதனால் சண்டை குறைந்தது, ஆனால் வேறொன்று நடந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சபை மொழி வந்துவிட்டது. தென்கரையில் மோட்டு, கிழக்குத் தீவுகளில் டோபு, நியூ பிரிட்டனின் ரபவுல் பக்கம் குவானுவா, சாலமன் மேற்கில் ரோவியானா. வேதம், பாட்டு, பள்ளிக்கூடம் எல்லாம் அந்தந்த மொழியில். 70, 80 ஆண்டுகள் இப்படி வளர்ந்தபின் 1968-ல் ஒரே மன்றத்தில் உட்காரும்போது எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஆங்கிலம். நம் சினாட் கூட்டத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசுகிறவர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிற அதே நிலைமை. படத்தில் நான்கு மொழிப் பெயர்களையும் நான்கு நிறத்தில் கட்டாயம் போடுங்கள்.

இரண்டு தேசங்களுக்கு ஒரு சபை எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பதில் போகன்வில் தீவில் இருக்கிறது. அது இயற்கையாகச் சாலமன் தீவு வரிசையின் வடக்குக் கோடி. ஆனால் 1899-ல் ஜெர்மனியும் பிரிட்டனும் போட்ட உடன்படிக்கையில் ஷாய்சல், இசபெல் தீவுகள் பிரிட்டனுக்குப் போயின, போகன்வில் ஜெர்மனியிடமே நின்றது. பிற்பாடு ஜெர்மன் பகுதி ஆஸ்திரேலியாவின் கைக்கு வந்து, முடிவில் பப்புவா நியூகினி ஆனது. மெதடிஸ்ட் ஊழியமோ அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை. 1902 மே 23 அன்று கோல்டி குழுவினர் ரோவியானாக் கடல்கழியில் முண்டா பக்கம் இறங்கினார்கள். அங்கிருந்து ஊழியம் வடக்கே பரவி, போகன்விலுக்குள்ளும் போனது. 1922 முதல் சாலமன் ஊழியம் நியூசிலாந்து மெதடிஸ்டுகளின் பொறுப்பு, போகன்விலும் அதோடு சேர்ந்தே இருந்தது. ஆக, அரசியல் வரைபடத்தில் போகன்வில் ஒரு பக்கம், சபை வரைபடத்தில் இன்னொரு பக்கம். 1968-ல் சாலமனை விட்டுவிட்டுச் சேர்ந்திருந்தால் இருக்கிற உறவை வெட்டியதாக ஆகியிருக்கும். அப்போது இரண்டுமே தனித் தேசங்கள் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். பப்புவா நியூகினிக்குச் சுதந்திரம் 1975 செப்டம்பர் 16, சாலமன் தீவுகளுக்கு 1978 ஜூலை 7.

சுதந்திரத்துக்குப் பின் ஒரே சபையாக நடத்துவது பாரமானது. போர்ட் மோர்ஸ்பியிலிருந்து முண்டா நேர்கோட்டில் சுமார் 1,100 கிலோமீட்டர். ராமநாதபுரத்திலிருந்து சென்னை போய்த் திரும்பும் தூரம், அத்தனையும் கடல் மேலே, நடுவில் கடவுச்சீட்டும் இரண்டு நாணயமும். 1988 கடைசியில் போகன்விலில் கலவரம் வெடித்து, 1990-ல் அரசு தீவையே முற்றுகை போட்டது. பாலமாக நின்ற தீவே அடைபட்டுப் போயிற்று. 1996 பிரிவை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. கொள்கைச் சண்டையால் உடைந்த சபை என்று யாரும் பேசிவிட வேண்டாம்.

நமக்கு இது எட்டாத கதை அல்ல. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத் திருமண்டலம் 1947 முதல் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. முதல் பேராயர் குலேந்திரன். மதுரைக்கு அமெரிக்கன் மிஷன் வந்ததே யாழ்ப்பாணத்திலிருந்துதான், 1834-ல். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பிறகு யுத்தம் வந்தது, கப்பல் நின்றது. கடல் நடுவே கிடக்கிற ஒரு சபையைக் கட்டிக்காப்பது எவ்வளவு சிரமம் என்பதை நம் கரையில் நின்றே காட்டலாம். படத்தின் ஒரு மூலையில் இந்தச் சின்ன வரைபடத்தையும் வைத்தால் பார்க்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும்.

பிஷப் விஷயம். நம் ஒன்றிப்பில் ஆங்கிலிக்கன் இருந்தார்கள். அதனால் அப்போஸ்தலர் வழிவந்த அபிஷேகத் தொடர்ச்சியைக் காப்பது பெரிய கேள்வியாயிற்று. 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு 1947 வரை 28 ஆண்டு இழுத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். கடைசியில், ஏற்கெனவே குருப்பட்டம் பெற்ற எல்லா ஐயர்மாரும் அப்படியே ஏற்கப்பட்டார்கள், இனிமேல் குருப்பட்டாபிஷேகம் பேராயர் கையால்தான் என்று முடிவானது. ஸ்காட்லாந்து சபை மிஷனரியான லெஸ்லி நியூபிகின் அப்படித்தான் நம் மதுரை–ராமநாதபுரம் திருமண்டலத்தின் முதல் பேராயர் ஆனார்.

அங்கே ஆங்கிலிக்கன் இல்லை. எல்.எம்.எஸ். வழியிலும் பிஷப் இல்லை, அந்த மெதடிஸ்ட் வழியிலும் பிஷப் இல்லை. ஆனாலும் 1968-ல் வட்டாரத்துக்கு ஒரு பிஷப் வைத்தார்கள். மேய்ப்பருக்கு மேய்ப்பராக ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக வைத்த பொறுப்பு அது. அபிஷேகத் தொடர்ச்சி பேசப்படுவதில்லை. கீழிருந்து மேலே: சபை, பல சபை சேர்ந்த சுற்று, சுற்றுகள் சேர்ந்த வட்டாரம், எல்லாவற்றுக்கும் மேலே பொது மன்றம், அதன் தலைவர் மாடரேட்டர். "சுற்று" என்பது மெதடிஸ்ட் சொல், நம் "சேகரம்" மாதிரி. ஊர்ச் சபையின் தீகோன்மார் முறை எல்.எம்.எஸ். கொண்டுவந்தது. மேலே மெதடிஸ்ட் கட்டுக்கோப்பு, கீழே எல்.எம்.எஸ். பழக்கம் என்று வைத்தால் பெரும்பாலும் சரியாக வரும். 1972-ல் ஷாய்சல் தீவைச் சேர்ந்த லெஸ்லி பொசெட்டோ மாடரேட்டர் ஆனார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் மெலனீசியர் அவர். அந்த வருடம் படத்தில் கண்டிப்பாக வரவேண்டும்.

மண்டபம் வாலிபர் சங்கம்

மிகவும் நன்றி ஐயா, இரண்டு பேருக்கும். வரிகள் 6-லிருந்து 14 ஆகிவிட்டன. 8 அடித் துணியில் அடங்குமா? பென்சிலில் அளந்து பார்த்தால் இடது பக்கம் எல்லாம் குவிகிறது, நடுவில் காலியாகக் கிடக்கிறது. உலக அட்லஸிலிருந்து வரைபடம் எடுத்தால் பிஜி ஒரு ஓரத்திலும் ராரொடொங்கா மறு ஓரத்திலும் போய் விழுகின்றன.

அச்சுக்கோர்ப்பு

வரைபடத்தை முதலில் சரிசெய்யுங்கள். நம் அட்லஸ்கள் 180 பாகைக் கோட்டில் உலகத்தை வெட்டிவிடும். பிஜி கோட்டுக்கு இந்தப் பக்கம், சமோவாவும் ராரொடொங்காவும் அந்தப் பக்கம், அமெரிக்காவை ஒட்டி. பசிபிக்கை நடுவில் வைத்த வரைபடம் வேண்டும். கிழக்கு 140 பாகையில் தொடங்கி மேற்கு 155 பாகையில் முடித்தால் 65 பாகை அகலம், தெற்கே 25 பாகை வரை போதும். எல்லாத் தீவும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும், அம்புக்குறிகள் கிழக்கிலிருந்து மேற்கே அழகாக ஓடும். முதல் பதிலில் சொன்ன விஷயம் அந்த அம்புகளைப் பார்த்தாலே விளங்கும். பிஜி, சமோவா, ராரொடொங்கா, லிஃபு (லாயல்டி தீவுகளில் ஒன்று) அம்புகளைத் தடிப்பாகப் போடுங்கள். சிட்னியிலிருந்து வரும் கோடு மெல்லியதாக இருக்கட்டும்.

காலக்கோடு குவிகிறதற்குக் காரணம் எளிய கணக்கு. 8 அடி என்பது 96 அங்குலம். இரு ஓரமும் 8 அங்குலம் விட்டால் 80 மிச்சம். 1871 முதல் 1996 வரை 125 வருடம், வருடத்துக்கு முக்கால் அங்குலம்கூட வராது. 1871–75-க்குள் உங்களுக்கு நான்கு நிகழ்ச்சிகள் இருக்கின்றன, அவற்றுக்குக் கிடைப்பது இரண்டரை அங்குலம். கோட்டை மூன்றாக வெட்டுங்கள்: 1871–1902-க்கு 40 அங்குலம், 1902–1962-க்கு 20, 1962–1996-க்கு 20. வெட்டும் இடத்தில் வளைவு நெளிவாக ஒரு குறி போட்டுவிடுங்கள், அளவு மாறுகிறது என்று தெரியவேண்டும். பெட்டிகளைக் கோட்டுக்கு மேலும் கீழும் மாற்றி மாற்றி வையுங்கள். பெட்டி அகலம் 7 அங்குலம்.

நடுத் துண்டு காலியாகத் தெரிந்தால் 1942 போடுங்கள். ஜப்பானியர் ரபவுலைப் பிடித்தபின், 1942 ஜூலை 1 அன்று கைதிகளை ஏற்றிப்போன மொண்டெவிடியோ மாரு என்ற கப்பல் மூழ்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் மெதடிஸ்ட் மிஷனரிகளும் இருந்தார்கள். வெளிநாட்டு மிஷனரி இல்லாத அந்த ஆண்டுகளில் சபையைத் தாங்கியவர்கள் ஊர்க்கார ஐயர்மாரும் உபதேசிமாரும். 1960-களில் தன்னாட்சி கேட்கும் தைரியம் வந்ததற்கு இது ஒரு வேர். அந்தக் கப்பலின் சிதைவை 2023 ஏப்ரலில் கடலடியில் கண்டுபிடித்தார்கள், வாலிபர்களுக்கு அது ஆர்வமாக இருக்கும். 1950-ல் மெதடிஸ்டுகள் மெண்டி மலைநாட்டுக்குப் போனதும் அதே துண்டில் வரும்.

1960-க்கு ஒரு பெட்டி விடுங்கள். அந்த வருடம் சாலமன் தீவுகளின் நியூ ஜார்ஜியாவில் சைலஸ் எட்டோ மெதடிஸ்ட் சபையிலிருந்து பிரிந்து கிறிஸ்தவ ஐக்கிய உறவுச் சபை என்று தனியாகத் தொடங்கினார். எல்லோரும் சேர்ந்தார்கள் என்று மட்டும் காட்டினால் படம் பாதிதான் உண்மை.

எழுத்து: 10 அடி தள்ளி நின்று வாசிக்க ஒரு அங்குல உயரம் வேண்டும். அதனால் ஒரு பெட்டிக்கு 12 சொல்லுக்கு மேல் போகாதீர்கள். அச்சுக்கடையில் பழைய எழுத்துரு வைத்திருப்பார்கள். நீங்கள் போனில் தட்டச்சு செய்து அனுப்பினால் கட்டம் கட்டமாக வரும், அல்லது "கொ" என்பதில் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று பிய்ந்து நிற்கும். எழுத்தைக் கோட்டுருவாக மாற்றிய பி.டி.எஃப். கொடுங்கள். அங்கேயே அடிக்கச் சொல்வதானால் மூலத்தைக் கையில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள், வெளிநாட்டுப் பெயரில்தான் தப்பு விழும். படத்தெளிவு அங்குலத்துக்கு 72 புள்ளி போதும், அகலம் 6,912 வரும். துணிக்கு மேலும் கீழும் 3 அங்குலம் கூடுதலாக விட்டு மடித்துத் தைத்து ஒரு அங்குலக் குழாய் செருகுங்கள். செப்டம்பர் கடைசியில் கச்சான் காற்று இன்னும் இருக்கும், ஆலயத்துக்கு வெளியே மாட்டாதீர்கள்.

பெயர்களை ஒரே மாதிரி எழுதுங்கள். ஒரு இடத்தில் பாப்புவா, மறு இடத்தில் பப்புவா என்று வந்தால் பிள்ளைகள் இரண்டு ஊர் என்று நினைப்பார்கள். இந்தோனேசியாவுக்குள் உள்ள மேற்குப் பப்புவா வேறு, அதன் சபையும் வேறு. வரைபடத்தின் இடது ஓரத்தில் தெரிகிற அந்த மேற்குப் பகுதியைச் சாம்பல் நிறத்தில் விட்டுவிடுங்கள்.

தேவிபட்டினம் அக்கா

ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளையும் நிற்கவைக்கிறீர்கள் என்றால் இரண்டு காரியம் சேர்த்துக்கொள்ளலாம், செலவு இல்லை.

ஒன்று, சங்கு. தீவு ஊர்களில் ஜனங்களைக் கூட்டச் சங்கு ஊதுவது உண்டு. நம் சங்கு நுனியை அறுத்து ஊதுவது. அங்கே பெரும்பாலும் நீண்டு ஒடுங்கிய வேறு இனச் சங்கு, பக்கவாட்டில் துளை போட்டுப் புல்லாங்குழல் மாதிரிப் பிடித்து ஊதுவார்கள். அந்த இனத்தைத் தேடி ராமேஸ்வரம் சிப்பிக் கடைகளுக்குப் போகவேண்டாம், இங்கே அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கிறது. படம் வரைந்து காட்டி, நம் சங்கை ஊதினால் போதும்.

இன்னொன்று பாட்டு. பப்புவாத் தென்கரையில் பெரொவெட்டா என்று ஒரு வகைப் பாட்டு உண்டு. குக் தீவு உபதேசிமார் விட்டுப்போன சொத்து அது. வாத்தியமே கிடையாது. பெண்கள் ஒரு பக்கம் எடுக்க, ஆண்கள் கீழ்க்குரலில் தாளமாக அடித்துக்கொண்டே போவார்கள், ஒரு அடி முடியுமுன் அடுத்தது ஏறும். பல பாட்டுகளின் சொற்கள் ராரொடொங்கா மொழியிலேயே இன்றும் பாடப்படுகின்றன. ஆர்மோனியமும் தபேலாவும் வைத்து இதைச் செய்ய முயன்றால் வேறொன்றாகிவிடும். தெரிந்த கீர்த்தனையின் ஒரே ஒரு சரணத்தை எடுத்து, எட்டுப் பிள்ளைகள் மேல் குரல், ஆறு பையன்கள் கீழ்க் குரல் என்று பிரித்து, கைதட்டு மட்டும் வைத்துப் பழக்குங்கள்.

அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு இணையாகவும் ஒன்று சொல்லலாம். போர்ட் மோர்ஸ்பி பக்கத்து மோட்டு ஊர்களில் பௌபௌ என்று வருடக் காணிக்கை. குடும்ப வகையறாக்கள் போட்டிபோட்டுக் கொடுப்பார்கள், யார் எவ்வளவு என்று சபை நடுவே வாசிப்பார்கள். ஒரு வாழைத்தாரை 2,000 ரூபாய்க்கு ஏலம் எடுக்கிற நம் ஊரில் இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

முண்டாவில் ஹெலனா கோல்டி மருத்துவமனை இன்றும் அந்தச் சபை நடத்துவது. நெய்யூர் மருத்துவமனையை நிறுத்தி ஒப்பிடலாம், நெய்யூரும் எல்.எம்.எஸ். வேலைதான். நாகர்கோவில், நெய்யூரில் ஊழியம் செய்த அதே சங்கம்தான் பப்புவாவுக்கும் உபதேசிமாரை அனுப்பியது என்று சொன்னால் நம் ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மண்டபம் வாலிபர் சங்கம்

அக்கா, ஐயாமார் எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. 1878-ல் பிஜி உபதேசிமார் கொல்லப்பட்டதைப் போடலாமா? மனித மாமிசம் தின்றவர்கள் என்றெல்லாம் தலைப்பு வைக்கலாம் என்று பையன்கள் சொல்கிறார்கள். எங்களுக்குத் தயக்கமாக இருக்கிறது.

கீழக்கரைச் சங்கு

தயக்கம் சரியே. அந்தத் தலைப்பை வைக்காதீர்கள். அந்த ஜனங்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று அந்தச் சபை. ஆனால் நிகழ்ச்சியை விடவேண்டாம், முழுசாகச் சொல்லுங்கள். 1878 ஏப்ரலில் நியூ பிரிட்டனில் சைலசா நவுதுகிதி ஐயரும் அவரோடு மூன்று பிஜி உபதேசிமாரும் கொல்லப்பட்டார்கள். உடனே பிரௌன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு பதிலடிக்குப் போனார். ஊர்கள் எரிந்தன, உயிர்கள் போயின. அது அந்த நாளிலேயே வெளிநாட்டுப் பத்திரிகைகளில் பெரிய கண்டனமாயிற்று. பிரௌன் மேல் வழக்கு வரும் நிலைமை வரைக்கும் போனது. நல்லவர் என்று நாம் மதிக்கிற ஒருவர் செய்ததை மறைத்தால், பிள்ளைகள் பிற்பாடு வேறெங்காவது வாசித்துவிட்டு நம்மையும் நம்பமாட்டார்கள்.

2007 ஆகஸ்டில் அந்தக் கரையின் டோலாய் ஜனங்கள் பிஜியிலிருந்து வந்தவர்களின் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டார்கள். பிஜியார் ஏற்றுக்கொண்டார்கள். 129 வருடம் கழித்து. ஆகவே இரண்டு வருடங்களும் ஒரே பெட்டியில் வரட்டும்: "1878 – சைலசா ஐயரும் மூன்று பிஜி உபதேசிமாரும் கொல்லப்பட்டனர். பிரௌனின் பதிலடியில் கிராமத்தாரும் மாண்டனர். 2007 – டோலாய் ஜனங்கள் மன்னிப்புக் கேட்டனர், பிஜியார் ஏற்றனர்." 12 சொல் விதி இங்கே மீறுகிறது. இந்தப் பெட்டிக்கு 7 அங்குலம் போதாது, 12 ஒதுக்கி, கோட்டுக்குக் கீழ்ப்பக்கம் வையுங்கள். மேல்பக்கம் 1874, 1875 நெருக்குகின்றன.